வேனில் தந்த ஓய்வு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இத்தலைப்பை எனக்கு அளித்த செயலாளர், "அரைமணி நேரத்திற்குள் முடித்துவிடுங்கள் அம்மா" என்றும் சொல்லி வைத்திருக்கின்றார். ஓய்வைப் பற்றி அவசரமாகப் பேச வேண்டிய நிலையில் நிற்கின்றேன்.

பத்தாண்டுகளாக இவ்வட்டத்தின் மாதக் கூட்டங்களில் கோடையைப் பற்றிய கவிதைகள் பல கேட்டிருக்கின்றேன். வறண்ட கிணறு, தண்ணீர் லாரியின் முன் குடங்களின் வரிசை, உருகும் தார்ச்சாலை, செருப்பில்லாக் கால் ஆகியவை திரும்பத் திரும்ப வருகின்றன. வரவேண்டியவையே. ஆயினும் வேனிலுக்கு இன்னொரு முகமும் உண்டு. நகராத பகல், திண்ணையின் குளிர்ச்சி, மண்பானையில் ஊறும் வெட்டிவேரின் மணம், பேச்சும் மௌனமும் மாறி மாறி வரும் நடுப்பகல் என விரியும் அம்முகத்தை நாம் ஏன் பாடுவதில்லை? பாடினால் பொறுப்பற்றவர் என்பார்களோ என்னும் அச்சம் நமக்குள் இருக்கின்றது என்றே நான் எண்ணுகின்றேன்.

'ஓய்வு' என்னும் சொல்லிலிருந்தே தொடங்கலாம். தொல்காப்பியர் உரியியலில் ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய்தல் என்னும் நான்கு சொற்களை ஓரிடத்தில் நிறுத்தி, நான்கிற்கும் ஒரே பொருள் கூறுகின்றார். முன்பு உள்ளதொன்று நுணுகுதல் என்பதே அப்பொருள். உரையாசிரியர்கள் இதனை மெலிதல், குறைதல் எனக் கொள்வர். ஓய்தலுக்கு அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு, கலித்தொகைப் பாலைப்பாட்டில் வரும், வேனிலால் வருந்தி ஓய்ந்த களிறு. ஆக, இலக்கண உரையிலேயே ஓய்தலும் வேனிலும் கைகோத்து நிற்கின்றன. உரை வழியை நான் மறுக்கவில்லை. எனினும் ஓய்தலும் ஆய்தலும் ஒரே நூற்பாவில் உடன்பிறந்தாராய் நிற்பதைப் பாடம் சொல்லும்போதெல்லாம் நினைத்து மகிழ்வதுண்டு. ஆராய்ச்சிப் பட்டம் பெற ஆண்டுக்கணக்கில் ஓயாமல் உழைத்தவள் நான். ஆய்தலுக்கு ஓய்தல் உறவு என்பதை எனக்கு அப்போது எவரும் சொல்லவில்லை!

சங்க இலக்கியத்தில் வேனில் பெரும்பாலும் பிரிவின் பொழுது. சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில். பாலைக்கு இவ்விரண்டும் பெரும்பொழுது, நண்பகல் சிறுபொழுது. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய இளவேனிற்பத்தின் பத்துப் பாட்டும் ஒரே வகையில் தொடங்குகின்றன. அவர் வரவில்லை, பருவமோ வந்துவிட்டது என்று ஒருத்தி பத்து முறை சொல்கின்றாள். ஒரு முறை குயில் கூவுகின்றது, ஒரு முறை புன்கு பூக்கின்றது, ஒரு முறை மா தளிர்க்கின்றது, ஒரு முறை வேம்பின் பூ உதிர்கின்றது. துயரப் பாட்டுகள்தாம், ஐயமில்லை. ஆனால் புன்கம்பூவையும் வேப்பம்பூவையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு ஒரு மனம் எவ்வளவு நேரம் அசையாமல் அமர்ந்திருக்க வேண்டும்! தலைவியின் காத்திருப்பு துயரமானது. அதனோடு அது மிகக் கூர்மையான ஓய்வும் ஆகும்.

பாலை பாடிய பெருங்கடுங்கோ ஒருபடி மேலே செல்கின்றார். கலித்தொகையில், தலைவன் தான் கடக்கப் போகும் காட்டைப் பற்றித் தலைவிக்குச் சொல்லிச் சென்றிருக்கின்றான். கன்று கலக்கிய சிறிதளவு நீரைப் பிடிக்கு ஊட்டிய பின்னரே களிறு உண்ணுமாம். வாடிய பெடையை ஆண்புறா தன் மெல்லிய சிறகால் விசிறுமாம். நிழலின்றி வருந்தும் பிணைமானுக்குக் கலைமான் தன் உடல் நிழலையே தருமாம். தமிழில் வேனிற்பொழுதின் ஓய்வைப் பற்றி இதைவிட நுட்பமாகச் சொன்ன இடம் எனக்குத் தெரியவில்லை. ஒருவர் ஓய்ந்திருக்க மற்றொருவர் வெயிலில் நிற்கின்றார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இங்கே வருவேன்.

இன்பமான வேனிலைக் காண விரும்பினால் வாடைக்காலப் பாட்டிற்குச் செல்ல வேண்டும் என்பது வேடிக்கை. நக்கீரரின் நெடுநல்வாடையில், மதுரையின் செல்வர் மனைகளில் எவையெல்லாம் பயனின்றிக் கிடக்கின்றன எனப் புலவர் காட்டுகின்றார். அழகிய விசிறிகள் சுருக்கப்பட்டு முளைகளில் தொங்குகின்றன. அவற்றில் சிலந்தி நூல் கட்டியிருக்கின்றது. சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கின்றது. குறுகிய வாயுடைய கலத்துத் தண்ணீரை எவரும் அருந்துவதில்லை. தென்றல் வருவதற்கென அமைத்த வேனிற்பள்ளியின் கதவுகள் தாழிடப்பட்டிருக்கின்றன. இவற்றை எல்லாம் மறுதலையாகத் திருப்பிப் பாருங்கள். விசிறி, சந்தனம், குளிர்ந்த நீர், தெற்கு நோக்கிய சாளரம் எனச் சங்க மதுரையின் கோடைப் பிற்பகல் ஒன்று முழுமையாக நம் முன் விரியும். புலவர் வேனிலைப் பாடவில்லை. வேனிலின் பொருள்களைத் தூங்க வைத்துப் பாடினார்.

அந்த வேனிற்பள்ளியில் ஏறிச் சென்ற ஒருத்தியை நாம் அறிவோம். சிலம்பின் வேனிற்காதையில் மாதவி அங்கேதான் யாழோடு அமர்கின்றாள்; தாழை மடலில் கடிதம் எழுதி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்புகின்றாள். கோவலன் அதனை ஏற்கவில்லை. ஓய்வுக்கென்று கட்டிய மாடம் ஒரு பெண்ணுக்குக் காத்திருக்கும் இடமாகவே முடிந்தது. கண்ணகிக்கும் மனையறம்படுத்த காதையில், நெடுநிலை மாடத்தில் தென்றலோடு கூடிய ஓர் இரவு உண்டு. காப்பியம் அவளுக்குத் தந்த இளைப்பாறல் ஏறக்குறைய அவ்வளவே.

இறைவனுக்கும் வேனில் ஓய்வு வேண்டும் என்று நம்மவர் கருதியிருக்கின்றனர். மதுரையில் பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் எழுப்பிய புதுமண்டபம், வைகாசி வசந்த விழாவில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் எழுந்தருளுவதற்கான வசந்த மண்டபம். சுற்றிலும் நீர் தேக்கிக் குளிர்விக்கும் வகையில் அமைந்தது. பின்னாளில் நெடுங்காலம் அங்கே தையல் எந்திரங்களும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளும் இடம்பிடித்திருந்ததை மதுரை சென்றவர் அறிவர். நான் படித்த இலக்கண நூல்களில் சில அங்கே வாங்கியவை. ஆகையால் அதைக் குறை கூற எனக்கு வாயில்லை.

இனி நம் வீட்டிற்கு வருவோம். நான் காவிரிப் படுகையில் வளர்ந்தவள். அங்கே கோடை ஓய்வை எவரும் வழங்கவில்லை. தண்ணீர் இல்லாமையால் அது வந்தது. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. வழக்கமாக ஜூன் 12ஆம் நாள் அது திறக்கப்படும். தையில் நெல் அறுவடை முடிந்து, அந்த ஈரத்தில் தெளித்த உளுந்தும் பயறும் பங்குனியில் வீடு வந்து சேர்ந்த பின், புதுநீர் வரும்வரை வயல் வெடித்துக் கிடக்கும். ஆறு மணலாக இருக்கும். அம்மணலில் நிலாச்சோறு உண்போம். ஆண்கள் திண்ணையில் கரிக்கோடு கிழித்து மூன்று புலிக்கும் பதினைந்து ஆட்டிற்கும் இடையே முடிவில்லாப் போர் நடத்துவர். ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் வந்தபின் பல ஊர்களில் கோடையிலும் நெல் நட்டார்கள். தொலைக்காட்சி ஓய்வைக் கெடுத்தது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். ஓய்வுக்கு அடியில் இருந்த தரிசு நிலமே மறைந்ததை நாம் எண்ணுவதில்லை. அந்தத் தரிசு கூலியாளுக்குப் பட்டினி மாதமாகவும் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திண்ணை இருந்தவனுக்கே திண்ணைச் சுகம்.

பெண்களுக்கோ வேனில்தான் வேலைப் பருவம். மாவடு ஊறப்போட வேண்டும். புளியைக் கொட்டை நீக்கி அடைக்க வேண்டும். மிளகாய் காய வேண்டும். வடகத்திற்கு விடியும் முன்பே கூழ் கிண்டி, வெயில் ஏறுவதற்குள் மொட்டைமாடியில் பழம்வேட்டி விரித்துப் பிழிந்தாக வேண்டும். அவ்வளவும் முடிந்தபின் ஒரு வேலை எஞ்சும்: காக்கை விரட்டுதல். கருங்குடை ஒன்றைப் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டு, படிக்கட்டு நிழலில் என் தாயாரும் அத்தையும் அமர்வார்கள். நடுவில் பதினான்கு குழிப் பல்லாங்குழி. புளியங்கொட்டைகள் குழியில் விழும் ஓசை, நடுநடுவே "சூ" என்னும் அதட்டல், பிறகு நீண்ட பேச்சு. அழைத்தால் எழமாட்டார்கள். "வடகம் காவல் இருக்கிறோம்" என்பார்கள். அதற்கு மேல் வீட்டில் எவரும் ஒரு சொல் பேச முடியாது.

குறிஞ்சிப்பாட்டைப் பாடம் நடத்தும்போது இக்காட்சி எனக்கு நினைவு வரும். தினைப்புனம் காக்கச் சென்ற தலைவியும் தோழியும் கிளி ஓட்டுகின்றார்கள். பின்னர் அருவியாடித் தொண்ணூற்றொன்பது பூக்களைப் பறித்துப் பாறையில் குவிக்கின்றார்கள். கபிலர் பூக்களின் பெயர்களை அடுக்கும் திறனை நாம் வியக்கின்றோம். அத்தனை பூப் பறிக்க அவர்களுக்கு நேரம் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்பதில்லை. காவல் என்னும் வேலையின் உள்ளேதான் கிடைத்தது. ஓய்வு என்று பெயர் சொல்லி ஓய்ந்திருக்க உரிமை இல்லாதவர்கள், வேலை என்று பெயர் சூட்டி ஓய்வைப் பெற்றார்கள். கிளியும் காக்கையும் அவர்களுக்கு உதவின. புனத்திற்கும் மொட்டைமாடிக்கும் இடையே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள்.

இன்று வடகம் கடையில் உறையிட்டுக் கிடைக்கின்றது. கை நோவு குறைந்தது; அதை நான் வரவேற்கின்றேன். காவல் பொழுதும் உடன் போயிற்று. அதற்கு ஈடாக எந்தப் பெயரில் நாம் அமர்கின்றோம்? கோடை விடுமுறை என்னும் சொல் என் தொழிலில் இருக்கின்றது. அதன் பெரும்பகுதி விடைத்தாள் திருத்தும் முகாமில் கழிகின்றது. தோழியர் சிலரைக் கேட்டேன். ஒருவர் மகனைக் கோடைகாலப் பயிற்சி வகுப்பில் விட்டுவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் உட்காரும் ஒரு மணி நேரம் என்றார். இன்னொருவர் மருத்துவமனையில் முறைச்சீட்டு வாங்கிக் காத்திருக்கும் நேரம் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கலைமான் தன் நிழலைப் பிணைக்குத் தந்ததை நினைவில் வைக்கச் சொன்னேன். பெருங்கடுங்கோ அதனைத் தலைவன் வாய்மொழியாகக் கூறினார். சொன்னவன் வீட்டில் இல்லை என்பதுதான் அப்பாட்டின் துயரம். நிழல் பெற்ற பிணையின் பக்கத்திலிருந்து அப்பாட்டு இன்னும் எழுதப்படவில்லை. பல்லாங்குழியின் முன் அந்த மாடிப்படியில் அமர்ந்து என் தாயாரும் அத்தையும் என்ன பேசினார்கள் என்பதும் எந்தத் தொகை நூலிலும் இல்லை. எங்கள் காலடி ஓசை கேட்டதும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

கவியரங்கத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கின்றார். அடுத்து வரும் கவிஞர்களுள் நால்வர் பெண்கள் என அழைப்பிதழில் கண்டேன். அவர்களைக் கேட்கக் காத்திருக்கின்றேன்.