மகப்பேற்று விடுப்பும் ஆசிரியையின் ஊதியமும்



ஆண்டுத் தொடக்கத்தில் பாடத்திட்டம் வகுக்காமல் வகுப்பறைக்குள் நுழையும் ஆசிரியர் எவருமில்லை. எந்த வாரத்தில் எந்தப் பாடம், எப்போது தேர்வு என்பதையெல்லாம் நாம் முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்கிறோம். ஆனால் ஆசிரியை ஒருவர் தாய்மையடையும்போது, வரவிருக்கும் ஆறு மாதங்களுக்கு ஊதியம் எங்கிருந்து வரும், எவ்வளவு வரும், எந்த நாளில் வரும் என்ற கணக்கைப் பெரும்பாலும் கடைசி நேரத்திலேயே போடத் தொடங்குகிறோம். இக்கணக்கைத் தொடக்கத்திலேயே போட வேண்டும் என்பதும், அதற்குரிய வழிகள் யாவை என்பதுமே இன்றைய என் உரையின் பொருள்.

முதலில் ஒரு செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மகப்பேற்றுக்கால ஊதியம் நிர்வாகம் மனமிரங்கி அளிக்கும் சலுகையன்று. பணிபுரியும் பெண்களுக்கு மகப்பேற்று உதவி கிடைக்க அரசு வழிவகை செய்ய வேண்டும் என்று நமது அரசியலமைப்பின் 42ஆவது பிரிவு கூறுகிறது. 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் அதற்கு உருக்கொடுத்தது. 2017இல் செய்யப்பட்ட திருத்தம், முதல் இரு குழந்தைகளுக்குரிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. அச்சட்டத்தின் விதிகள் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் இணைக்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் அத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது.

உரிமை பொதுவானதாயினும் ஊதியம் வரும் வழி எல்லோருக்கும் ஒன்றன்று. ஆகவே ஒவ்வோர் ஆசிரியையும் தாம் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

மத்திய அரசின் விடுப்பு விதிகளுக்கு உட்பட்ட கேந்திரிய வித்யாலயா ஆசிரியைகளின் நிலை தெளிவானது. உயிருடன் உள்ள குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருப்பின் 180 நாள் விடுப்பு உண்டு. விடுப்பில் செல்லுமுன் பெற்ற ஊதியமே தொடர்ந்து கிடைக்கும். இந்நாள்கள் வேறெந்த விடுப்புக் கணக்கிலும் கழிக்கப்படுவதில்லை. இதற்கு அப்பால், பணிக்காலம் முழுமைக்குமாக 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு இருக்கிறது. அதில் முதல் 365 நாளுக்கு முழு ஊதியமும், அடுத்த 365 நாளுக்கு 80 சதவீதமும் வழங்கப்படும். இவ்விடுப்பைக் குழந்தையின் முதலாண்டிலேயே செலவிட்டுவிடலாகாது. நோய்வாய்ப்பட்ட காலத்திற்கும், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக் காலங்களுக்கும் ஒரு பகுதியை ஒதுக்கி வைப்பதே நன்று.

மாநில அரசுப் பள்ளிகளுக்கு அந்தந்த மாநிலத்தின் விதிகள் பொருந்தும். எடுத்துக்காட்டாக, தமிழ்நாட்டில் ஒன்பது மாதமாக இருந்த விடுப்பு 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதமாயிற்று. அம்மாநில அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, முந்தைய மணத்தில் இரு குழந்தைகள் இருந்தமையால், மறுமணத்திற்குப் பின் பிறந்த குழந்தைக்கு விடுப்பு மறுக்கப்பட்டது. மகப்பேற்று விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமைகளைச் சார்ந்தது என்று கூறி, 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எனவே, விதிப்புத்தகத்தின் ஒரு வரியைக் காட்டி மறுப்பு வந்தால், அதனை முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டியதில்லை.

அடுத்து, தனியார் பள்ளிகளுக்கு வருவோம். இங்கு இரு வழிகள் உள்ளன. முதலாவது ஈ.எஸ்.ஐ. என்னும் ஊழியர் அரசுக் காப்பீடு. 2017இல் இதன் ஊதிய வரம்பு மாதம் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வரம்புக்கு உட்பட்ட ஆசிரியைக்கு 26 வாரத்திற்கும் சராசரி நாள் ஊதியம் முழுமையாகக் கிடைக்கும். அதனை வழங்குவது காப்பீட்டுக் கழகமே. இதற்கு, முந்தைய இரு சந்தாக் காலங்களில் 70 நாளுக்குக் குறையாமல் சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம். அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. ஆகவே புதிதாகப் பணியில் சேர்பவர் தமது பெயர் பதிவாகியுள்ளதா, சந்தா உரியவாறு செலுத்தப்படுகிறதா என்பதை முதல் மாதத்திலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு மேற்பட்டோருக்கு நிர்வாகமே ஊதியம் வழங்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பேறு எதிர்பார்க்கப்படும் நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 80 நாளேனும் பணியாற்றியிருக்க வேண்டும். விடுப்புக்கு முந்தைய மூன்று மாத ஊதியத்தின் சராசரியே கணக்கிற்கு அடிப்படை. சில பள்ளிகள் கோடை விடுமுறைக்கு ஊதியம் வழங்குவதில்லை. அத்தகைய பள்ளியில் உள்ளோர் இந்த மூன்று மாதங்கள் எவை என்பதில் தனிக்கவனம் செலுத்த வேண்டும்.

சம்பளச் சீட்டையும் ஊன்றிப் பார்க்க வேண்டும். புதிய சட்டத்தொகுப்பில் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் ஊதியக் கணக்கில் சேரும். வீட்டு வாடகைப்படி போன்றவை சேரா. எனினும், விலக்கப்படும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் மிகுதி ஊதியமாகவே கொள்ளப்படும். மாதம் 30,000 ரூபாய் பெறும் ஆசிரியைக்குக் கணக்கில் சேரும் ஊதியம் 20,000 ரூபாய் என்று கொள்வோம். 26 வாரத்திற்கு அவர் ஏறத்தாழ 1,20,000 ரூபாயை எதிர்பார்க்கலாம். 1,80,000 ரூபாயை நம்பிக் கடன் தவணைகளை ஏற்பாராயின் இடர்ப்படுவார். பேற்றுக்கு முந்தைய நாள்களுக்குரிய தொகையை முன்பணமாகவும், எஞ்சியதைக் குழந்தை பிறந்ததற்கான சான்று அளித்த 48 மணி நேரத்திற்குள்ளும் வழங்க வேண்டும் என்பது சட்டம். நிர்வாகம் இலவச மருத்துவ வசதி அளிக்காவிடில் 3,500 ரூபாய் மருத்துவ ஊக்கத்தொகையும் உண்டு.

விடுப்பு எந்த நாளில் தொடங்குவது? 26 வாரத்தில் எட்டு வாரம் வரை பேற்றுக்கு முன் எடுக்கலாம். டிசம்பர் 1 அன்று பேறு எதிர்பார்க்கப்படுகிறது எனக் கொள்வோம். எட்டு வாரம் முன்பாக, அக்டோபர் 6இல் தொடங்கினால், 182 நாள் ஏப்ரல் 5இல் நிறைவுறும். ஆசிரியை சில வாரங்கள் பணியாற்றியபின் கோடை விடுமுறையும் அவருக்குக் கிட்டும். நவம்பர் 17இல் தொடங்கினால் விடுப்பு மே 17 வரை நீண்டு, கோடை விடுமுறையின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். மறுபுறம், இரண்டாவது முறையில் பேற்றுக்குப் பின் தாயும் சேயும் தொடர்ந்து சேர்ந்திருக்கும் நாள்கள் மிகுதி. உடல்நிலையும் மருத்துவரின் ஆலோசனையுமே இதில் முதன்மை. அவை இடங்கொடுக்குமாயின் பள்ளி நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்து முடிவு செய்யலாம். எதுவாயினும் பேற்றுக்குப் பின் ஆறு வாரம் எவரும் பணி வாங்கலாகாது. விடுப்பு அறிவிப்பை எழுத்து மூலம் கொடுத்துப் பிரதியில் கையொப்பம் பெறுவது நலம்.

தற்காலிக ஆசிரியைகளுக்கும் ஒரு சொல். நாட்கூலிப் பெண்களுக்கும் மகப்பேற்று நலன் உண்டு என்று 2000ஆம் ஆண்டிலும், ஒப்பந்தக் காலம் இடையில் முடிந்தாலும் உரிய நலனை முழுமையாக வழங்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. "இப்போது ராஜினாமாக் கடிதம் கொடுங்கள், குழந்தை பிறந்தபின் மீண்டும் சேர்த்துக்கொள்கிறோம்" என்று கூறும் நிர்வாகங்கள் உண்டு. அக்கடிதத்தில் கையொப்பமிடுமுன் இழப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஆறு மாத ஊதியத்தோடு பணித்தொடர்ச்சியும் போய்விடும். பணிக்கொடைக்குப் பொதுவாக ஐந்தாண்டுத் தொடர்பணி வேண்டும்; மகப்பேற்று விடுப்பின் 26 வாரமும் அத்தொடர்பணியில் சேரும். நான்காம் ஆண்டில் ராஜினாமாச் செய்பவர் மீண்டும் முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டியவராவார்.

இனி, தந்தையின் பங்கு. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு முழு ஊதியத்துடன் உண்டு. குழந்தை பிறந்த ஆறு மாதத்திற்குள் அதனை எடுக்கலாம். கணவரும் கேந்திரிய வித்யாலயா ஆசிரியராயின், மனைவி பணிக்குத் திரும்பும் முதல் இரு வாரங்களுக்கு அதனை வைத்துக்கொள்வது பயனுள்ள ஏற்பாடு. பிரிட்டனில் 2015 முதல், தாய் தம் விடுப்பைக் குறைத்துக்கொண்டால் 50 வாரம் வரை விடுப்பையும் 37 வாரம் வரை ஊதியத்தையும் பெற்றோர் இருவரும் பகிர்ந்துகொள்ள இயல்கிறது. நமது சட்டத்தொகுப்பு தந்தைக்கு விடுப்பு எதனையும் வகுக்கவில்லை. குழந்தை வளர்ப்பு தாயின் பொறுப்பு மட்டுமே என்று சட்டம் கருதும்வரை, இளம்பெண்ணை வேலைக்கு அமர்த்தத் தயங்கும் போக்கும் மறையாது.

அத்தயக்கத்திற்கு மற்றொரு காரணம் பணச்சுமை. பன்னிரண்டு ஆசிரியைகள் பணிபுரியும் சிறு பள்ளியொன்று, விடுப்பிலுள்ளவருக்கும் அவருக்குப் பதிலாக வந்தவருக்கும் ஒரே நேரத்தில் ஊதியம் வழங்குவது எளிதன்று. 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேற்று நல மசோதாவை ஆதரித்துப் பேசிய டாக்டர் அம்பேத்கர், தாய்க்கு ஓய்வளிப்பது நாட்டின் நலனைச் சார்ந்தது; ஆதலால் அச்சுமையில் அரசுக்கும் பங்குண்டு என்ற கருத்தை வெளியிட்டார். 2000ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கையும் இச்செலவு தனித்தனி முதலாளிமீது மட்டும் விழலாகாது என்றே கூறுகிறது. ஈ.எஸ்.ஐ. முறையில் பலர் செலுத்தும் சிறு சந்தா ஒருவரின் தேவைக்கு உதவுகிறது. சந்தாவில் ஊழியர் பங்கு 0.75 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவீதம் என 2019இல் குறைக்கப்பட்டது. இத்தகைய பொதுநிதி வரம்புக்கு மேற்பட்ட ஆசிரியைகளுக்கும் விரிவடைய வேண்டும் என்பது என் கருத்து.

அதுவரை நம்மால் ஆவதை நாம் செய்வோம். ஒவ்வொரு பள்ளியிலும் மூத்த ஆசிரியை ஒருவர், புதிதாகச் சேரும் இளம் ஆசிரியைக்குச் சந்தா, சம்பளச் சீட்டு, நாள் கணக்கு ஆகியவற்றை விளக்கிச் சொல்லட்டும். தலைமையாசிரியர்கள் பதில் ஆசிரியரை முன்கூட்டியே நியமித்து, விடுப்பில் செல்பவர் மனக்கலக்கமின்றிச் செல்ல வழி செய்யட்டும். பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பிப்போர் தம் உரிமைக்குரிய கணக்கில் ஏமாறலாகாது.