பொம்பரிப்பிலிருந்து தொடங்குவோம்



பிள்ளைக்கு வீட்டிலேயே படிப்பிக்கும் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது, வரலாற்றை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்றுதான். கணக்குக்குப் பயிற்சிப் புத்தகம் உண்டு. வரலாறு என்றதும் பலரும் எகிப்தின் பிரமிட்டைக் கைப்பேசியில் காட்டிவிடுகிறார்கள். பிரமிட்டோடு எனக்குப் பகை இல்லை. ஆனால் புத்தளத்துப் பிள்ளை அங்கே போவதற்கு முன் பொம்பரிப்பைத் தெரிந்துகொள்ளட்டும்.

கலா ஓயாவுக்கு வடக்கே, வில்பத்துக் காட்டுக்குள் இருக்கிறது அந்தப் பழைய இடுகாடு. 1920களில் ஹோகாட்டும், 1956இல் தெரணியகலவும், 1970இல் விமலா பெக்லியும் என்று ஆய்வாளர்கள் அங்கே அகழ்ந்தார்கள். கிடைத்தவை பெரிய மண் தாழிகள். அவற்றோடு கறுப்பு சிவப்புக் கலயங்கள், மணிகள், உலோகப் பொருட்கள். ஒரே தாழிக்குள் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகளும் இருந்தன.

இதைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். "இத்தனை பேர் எப்படி அதுக்குள்ள போனாங்க?" என்று பிள்ளையே கேட்கும். உடலை முதலில் வேறிடத்தில் விட்டு, சதை போனபின் எலும்பை எடுத்துத் தாழியில் இட்டார்கள் என்ற விடைக்கு அது தானாக வந்துசேர ஒரு வாரம் ஆகலாம். ஆகட்டும். வீட்டுப் படிப்பின் பெரிய சொத்தே அந்த ஒரு வாரம்தான். மணி அடித்து அடுத்த பாடம் வந்துவிடாது.

பிறகு கைவேலை. அந்தக் கலயங்களுக்கு உட்புறமும் வாய்ப்பக்கமும் கறுப்பு, மற்ற வெளிப்புறம் சிவப்பு. களிமண்ணில் சிறு கிண்ணம் பிடித்து, நன்றாகக் காயவிட்டு, உமியிலும் பொச்சுத் தூளிலும் கவிழ்த்து, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கச் சுட்டுப் பாருங்கள். தென்னை சூழ்ந்த ஊரில் பொச்சுக்கா பஞ்சம்? கவிழ்ந்த வாய்க்குள் காற்றுப் போகாது, அங்கே கரி ஏறும். காற்றுப் படும் வெளிப்புறத்தில் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். முதல் கிண்ணம் பெரும்பாலும் வெடிக்கும். அந்த ஓட்டை எறிந்துவிடாதீர்கள். உடைந்த விளிம்பில் கறுப்பு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பிள்ளை பார்க்கட்டும்.

ஆனால் பழைய ஓட்டைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டுமல்ல. எந்த ஆழத்தில், எதன் அருகே கிடந்தது என்பது தெரியாமல் போனால் அது வெறும் ஓடு.

இன்னொன்று. கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டின் ஆதிச்சநல்லூரிலும் இவ்வகைத் தாழிகள் கிடைத்தன. தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அங்கே 1899இல் அகழத் தொடங்கினார். வரைபடத்தில் நூல் பிடித்துப் பொம்பரிப்பிலிருந்து அளக்கச் சொல்லுங்கள். நேர்க்கோட்டில் காலியைவிட ஆதிச்சநல்லூர்தான் கிட்ட. கடல் பிரிக்கும் என்று நினைத்திருந்த பிள்ளை நூலை இரண்டு தரம் வைத்துப் பார்க்கும்.

கொழும்பு தேசிய நூதனசாலைக்கு அதன்பிறகு போகலாம். 1877இல் திறந்த அந்தக் கட்டடம் முழுவதையும் ஒரே நாளில் சுற்றிக் காட்டினால் பிள்ளைக்குக் கால்வலிதான் மிஞ்சும். ஒரு பயணத்துக்கு ஒரு பொருள் போதும். நானாக இருந்தால் காலியில் 1911இல் கண்டெடுத்த மும்மொழிக் கல்லின் முன்னால் நிறுத்துவேன். சீனக் கடலோடி செங் ஹோவின் பயணத்தோடு வந்த கல் அது, பொறித்த ஆண்டு 1409. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்னும் தெய்வத்துக்கும் காணிக்கை சொல்கிறது. பாரசீகப் பகுதி அரபு எழுத்தில் இருப்பதால், குர்ஆன் ஓதப் போகும் நம் பிள்ளை தேய்ந்த கல்லில் சில எழுத்துகளையாவது கண்டுபிடித்துவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூட்டிப் போங்கள். உடப்புப் பிள்ளை தமிழைப் பார்க்க, கற்பிட்டிப் பிள்ளை அரபு எழுத்தைப் பார்க்க, சீனத்தில் இருவருக்கும் ஒரே அறியாமை.

கற்பிட்டி என்றதும் 1807இல் அங்கே பிறந்த சைமன் காசிச்செட்டியைச் சொல்லாமல் விட முடியவில்லை. நாட்டில் பல்கலைக்கழகமே இல்லாத காலத்தில், 1834இல், இலங்கையின் ஊர்களை அகரவரிசைப்படுத்தி ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். வயது இருபத்தேழு. உங்கள் பிள்ளை தன் ஊருக்கு மட்டும் அப்படி ஒன்று எழுதலாமே: குளம், உப்பளம், பள்ளிவாசல், கோயில், தேவாலயம், யாரிடம் கேட்டுத் தெரிந்தது என்பதோடு.

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளைக் குழுவிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுச் செலவில் பாதியைக் குறைத்து, பொம்பரிப்புத் தாழியின் அளவிலேயே ஒன்றைக் குயவர் ஒருவரிடம் செய்வித்து ஊர் நூலகத்தில் வையுங்கள். கண்ணாடிக் கூண்டு வேண்டாம். பிள்ளைகள் தொடட்டும், உள்ளே தலையை விட்டுக் கூப்பிட்டும் பார்க்கட்டும். உடைந்தால் இன்னொன்று செய்துகொள்ளலாம்.