வலிக்கு முன் தோன்றும் வெண்மை
(ஜும்ஆவுக்கு முன் நிகழ்த்தப்பட்ட பயானின் எழுத்து வடிவம்)

 

தம் சமுதாயத்தாருக்குச் சிரமமாகிவிடும் என்ற எண்ணம் மட்டும் இல்லையெனில், ஒவ்வொரு தொழுகையின்போதும் மிஸ்வாக் செய்வதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கட்டாயமாக்கியிருப்பார்கள் என்பதை நாம் அறிவோம். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. வீட்டினுள் நுழைந்ததும் அவர்கள் முதலில் செய்தது மிஸ்வாக்கே என அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். அத்தகைய சுன்னத்தைப் பெற்ற சமுதாயத்தின் பிள்ளைகள் காலை மக்தபில் ஓத வாயைத் திறக்கும்போது, சிலருடைய முன்பற்கள் கறுத்து, இற்றுப்போய்க் காணப்படுவது உள்ளத்தை வருத்துகின்றது. நாவின் நுனி மேல் முன்பற்களின் விளிம்பைத் தொட்டால்தான் ஸா, தால், ழா ஆகிய எழுத்துகள் சரியாக ஒலிக்கும். நாவின் ஓரம் மேல் கடைவாய்ப் பற்களோடு பொருந்தினால்தான் 'ளாத்' வரும். பல் போன பிள்ளைக்குத் தஜ்வீதை எவ்வாறு கற்பிப்பது?

"வலி வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்பதே பெற்றோர் பலரின் மறுமொழி. வலி என்பது சொத்தையின் தொடக்கமன்று. அது நெடுந்தூரம் உள்ளே சென்றுவிட்டதற்கான அறிவிப்பு.

பல்லின் மேல் படியும் மெல்லிய படலத்தில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வாழ்கின்றன. நாம் உண்ணும் இனிப்பை அவையும் உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அவ்வமிலம் பல்லின் மேலோடாகிய எனாமலின் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கின்றது. உமிழ்நீரோ, அல்லாஹ்வின் ஏற்பாட்டினால், கரைந்ததை மீண்டும் சேர்க்கின்றது. அதற்கு அரை மணி நேரத்திற்கு மேலும் ஆகலாம். ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பதே பெரிது. ஒரே வேளையில் இரண்டு முந்திரிக்கொத்து உண்பதைக் காட்டிலும், நாள் முழுதும் மிட்டாய் சப்புவதும் மணிக்கொரு முறை சர்க்கரைச் சாயா குடிப்பதும் தீங்கானவை. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால், குழந்தையின் வாயில் இனிப்புப் பால் புட்டியை வைத்து உறங்கச் செய்வது எல்லாவற்றிலும் கொடியது.

கரைவது மிகுந்து சேர்வது குறையும்போது, ஈறை ஒட்டிய பகுதியில் பளபளப்பு மங்கி, சுண்ணாம்பு தடவியது போன்ற வெண்மை தோன்றும். இதுவே முதல் அடையாளம். அதில் குழியில்லை, வலியில்லை; ஈரத்தில் மறைந்தும் இருக்கும். எனவே பிள்ளையைப் பகல் வெளிச்சத்தில் அமர்த்தி, மேலுதட்டை உயர்த்தி, தூய துணியால் பல்லைத் துடைத்துப் பாருங்கள். இந்நிலையில் இனிப்பு வேளைகளைக் குறைத்து, ஃபுளோரைடு சேர்ந்த பற்பசையால் காலையிலும் உறங்கும் முன்பும் துலக்கினால் சொத்தையை அங்கேயே நிறுத்திவிடலாம். சிறு குழந்தைக்கு ஓர் அரிசி மணியளவு பற்பசை போதும். வெண்மை பழுப்பாகி, மேலோடு உடைந்து குழி விழுந்துவிட்டால் பல் தானாக மூடிக்கொள்வதில்லை. கடைவாய்ப் பல்லின் பள்ளம் கறுப்பது, ஒரே இடுக்கில் நாள்தோறும் உணவு சிக்குவது, இனிப்போ குளிர்ந்த நீரோ பட்டால் சுளீரென்று கூசுவது ஆகியவற்றைக் கண்டால் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

தாய்மார்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். ஏறத்தாழ ஆறு வயதில், கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கின்றது. எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் அதையும் பால்பல் என்று கருதிவிடுகின்றோம். அது ஆயுள் முழுதும் இருக்க வேண்டிய பல். போனால் வேறு முளைக்காது. பால்பல்லையும் "விழுகிற பல்தானே" என்று விட்டுவிடலாகாது. கடைவாய்ப் பால்பற்கள் பத்து வயதைத் தாண்டியும் இருக்க வேண்டியவை. அடுத்த பல்லுக்கு இடம் காத்திருப்பவை.

பல்லில் புழு இருப்பதாகக் கூறி, கண்டங்கத்திரி விதையைப் புகையிட்டு அதை எடுத்துக் காட்டும் வழக்கம் நம் நாட்டில் இருந்தது. இவ்வகை ஏமாற்றை திமிஷ்கைச் சேர்ந்த அல்ஜவ்பரீ என்ற அறிஞர் 13ஆம் நூற்றாண்டிலேயே அம்பலப்படுத்தி எழுதினார். நம் முன்னோர் பயன்படுத்திய உமிக்கரியும் நாள்தோறும் தேய்த்தால் எனாமலை அராவிவிடும். மிஸ்வாக் பல்லின் வெளிப்பக்கத்தை நன்கு தூய்மையாக்குகின்றது. ஆயினும் சட்டைப் பையில் செருகியிருப்பதனால் அன்று!

பல்லை அடைத்தால் கடமையான குளிப்பு கூடுமா எனச் சிலர் என்னிடம் வினவுகின்றனர். ஷாஃபிஈ மத்ஹபில் குளிப்பின்போது வாய் கொப்பளிப்பது சுன்னத்தேயாகும். ஆகவே ஐயத்திற்கு இடமில்லை. ஹனஃபீ மத்ஹபில் அது ஃபர்ளு. எனினும் எடுக்கவியலாதவாறு அடைக்கப்பட்டது பல்லின் சட்டத்தையே பெறும் என உலமாக்கள் விளக்கியுள்ளனர். நோன்பாளி பல்லைக் காட்டச் சென்றால், நீரோ மருந்தோ இரத்தமோ தொண்டைக்குள் இறங்காதவரை நோன்பு முறியாது. இஃப்தாருக்குப் பின் செல்வது பேணுதல்.

ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. பிள்ளையை அங்கு அழைத்துச் செல்லும் நாளில் மக்தப் பதிவேட்டில் விடுப்பு எழுதப்படமாட்டாது.