களவு நூலும் கணினி அறமும்



இலக்கிய அவையில் கணினிக் குற்றம் பற்றிப் பேசச் சிலப்பதிகாரமே வழிவிடுகின்றது. கொலைக்களக் காதையில், கோவலனைக் கண்ட காவலர் அவன் தோற்றத்தில் கள்வனின் சாயலைக் காணவில்லை. அப்போது பொற்கொல்லன் களவு நூலை எடுத்துக்காட்டி, மந்திரம் முதல் கருவி ஈறாகக் கள்வர்க்குத் துணையாவன எட்டு என விரித்துரைக்கின்றான். அவனது அறிவு மெய், நோக்கம் பொய். அரசியின் சிலம்பைக் களவாடியவன் அவனே. 'கள்வன்' என்னும் ஒரு சொல் குற்றமற்றவன்மீது விழுந்தது. உண்மைக் கள்வன் காவலர் நடுவில் நின்றான்.

'ஹேக்கர்' என்னும் சொல்லுக்கும் இத்தகைய தீயூழ் நேர்ந்துள்ளது. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில், விளையாட்டு இரயில் அமைத்த மாணவர் மன்றத்தினர் நுட்பமான திறப்பணியை 'ஹேக்' என்றனர். கணினி அவர்கள் கைக்கு வந்தபோது அச்சொல்லும் உடன் வந்தது. பொருளைப் பிரித்து அறிதல், அறிந்ததைப் பகிர்தல், பட்டத்தையும் அகவையையும் நோக்காது திறனை மட்டும் மதித்தல் ஆகியன அவர்தம் பண்பாடு. ஸ்டீவன் லெவி 1984இல் வெளியிட்ட நூலில் இவற்றை ஹேக்கர் அறம் எனத் தொகுத்துரைத்தார். பிற்காலத்தில் செய்தித்தாள்கள் இச்சொல்லைத் திருடனுக்கே உரியதாக்கின.

நெசவு நகராகிய காஞ்சிக்கு இம்மனப்பாங்கு புதிதன்று. தறியின் ஜக்கார்டு அட்டையில் துளை இருக்குமிடத்தில் பாவு நூல் எழும், இல்லாவிடத்து எழாது. சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பொறிக்கு இத்தகைய அட்டைகளையே கருதினார். புட்டா பிழைபட்டால் எந்த அட்டையில் எந்தத் துளை தவறியது எனத் தேடும் நெசவாளரின் கண்ணும், நிரலில் பிழை தேடும் இளைஞரின் கண்ணும் ஓரினத்தன. இந்நகரில் இயங்கும் காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவினர், எவரும் திறந்து பார்க்கவும் திருத்தவும் கூடிய மென்பொருளைப் பிறர்க்குக் கற்பிப்பது அப்பண்பாட்டின் நல்ல முகம்.

அப்பண்பாட்டை அறிவது குற்றத்தைத் தடுக்க எவ்வாறு உதவும்? களவு நூல் கூறும் எட்டனுள் காலம், இடம், தந்திரம், கருவி என்பன இன்றும் மாறவில்லை. 2016 பிப்ரவரியில் வங்கதேச மைய வங்கியின் பணத்தைக் கவர்ந்தவர்கள் வியாழன் இரவைத் தேர்ந்தனர். வெள்ளி டாக்காவில் விடுமுறை. சனியும் ஞாயிறும் நியூயார்க்கில் விடுமுறை. திங்கள் மணிலாவில் சீனப் புத்தாண்டு. 8.1 கோடி டாலர் மணிலாவுக்குச் சென்றது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டாலரோ, 'ஃபவுண்டேஷன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துப்பிழையால் ஐயுறப்பட்டு நின்றது. எழுத்தைக் கூர்ந்து நோக்கிய ஒருவர் பெருங்களவொன்றைத் தடுத்தார் என்பதைத் தமிழாசிரியர்கள் மறத்தலாகாது.

தொலைநாட்டுக் கதை என இதனைத் தள்ளிவிடவும் இயலாது. 2018 பிப்ரவரியில், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் பெயரால், வங்கியார் அறியாமலே மூன்று பணப்பரிமாற்ற ஆணைகள் வெளிநாடுகளுக்குச் சென்றன. மதிப்பு ஏறத்தாழ 20 லட்சம் டாலர். கணக்குகளை ஒப்புநோக்கியபோது களவு வெளிப்பட்டது. ஓர் ஆணை உடன் தடுக்கப்பட்டது. காவற்கோபுரத்தினும் நாள்தோறும் கணக்குப் பார்க்கும் பழக்கம் பெரிது என்பதே இதன் படிப்பினை.

இல்லங்களைத் தாக்குவது பெரும்பாலும் தந்திரமே. கள்வன் கணினியைத் திறப்பதில்லை. மனிதரின் அச்சத்தையும் ஆசையையும் திறக்கின்றான். சேலைக்கு முன்பணம் அனுப்புவதாகக் கூறி நெசவாளரிடம் இரகசிய எண்ணைக் கேட்பவன் இவ்வகையினன். கைப்பேசியில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் வேண்டுவதில்லை, கொடுப்பதற்கே வேண்டும். இவ்வொன்றை அறிந்தவர் இத்தந்திரத்திற்கு ஆளாகார். ஏமாந்தவர் நாணி மறைக்காது 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவித்தல் வேண்டும். காலந்தாழ்த்தினால் பணம் கைமாறிவிடும்.

சட்டமும் பகுத்தே நோக்குகின்றது. 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரியவர் இசைவின்றிக் கணினியுள் நுழைந்தால் இழப்பீடு கோருகின்றது. அதனையே வஞ்சகமாகச் செய்தால் 66ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கின்றது. ஆதலின் ஆர்வம் மட்டும் காப்பாகாது, இசைவும் வேண்டும். பூட்டின் குறை கண்ட இளைஞர் அதனை உரியவரிடமோ, 2004 முதல் இயங்கும் செர்ட்-இன் என்னும் நடுவணரசு அமைப்பிடமோ தெரிவிக்கலாம். தெரிவித்தவரையே கள்வன் என்றால் அடுத்தவர் வாய் திறவார்; குறை அப்படியே இருக்கும்; கள்வன் அதனைக் கண்டுகொள்வான்.

இங்குக் கவிஞர்க்கும் கடமை உண்டு. கட்டுபவனையும் கவர்பவனையும் ஒரே பெயரால் அழைக்கும் மொழி இருவரையும் இழக்கும். நுட்பம் அறிந்தவனை நுட்பன் என்றும், திருடியவனைக் கணினிக் கள்வன் என்றும் பிரித்து வழங்குதல் நன்று. ஆராயாது சொன்ன ஒரு சொல்லால் மதுரை எரிந்தது. அச்சொல்லின் பொருளைக் காப்பது தமிழ் கற்றோர் பணி.