சமைக்கிறது நம்ம கை, வர்றது அவன் இஷ்டம்

கேம்ல எல்லாமே நம்ம கையிலதானே இருக்கு, அப்புறம் எப்படி அது நம்மள அழ வைக்கும்? என் பதில், 'வெண்பா'. கதை முழுக்கச் சொல்லப்போறேன், இன்னும் விளையாடாதவங்க விளையாடிட்டு வாங்க.

டொரான்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட கேம் இது. 1980களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை. நாமதான் வெண்பா. அவங்க அம்மாவோட சமையல் புத்தகம் கிழிஞ்சு, எழுத்து அழிஞ்சு கிடக்கும். விட்டுப்போன வரியை நாமே கண்டுபிடிச்சு சமைக்கணும். இட்லி தப்பா வந்தா கவலையில்லை, மறுபடி ஆரம்பிக்கலாம்.

கதையில அந்த வசதி கிடையாது. வளர்ந்த மகன் கவின் வர்றான்னு ஒவ்வொண்ணா சமைக்கிறோம். அவன் வரலை. அதை மாத்த எந்த பட்டனும் இல்லை. படமா இருந்தா 'பாவம் அந்தம்மா'ன்னு போயிருப்பேன். இங்கே சமைச்சது நான். அதனால ஏமாற்றமும் என்னோடது.

நான் பெரம்பலூர்க்காரன், சென்னையில வேலை. அம்மாவுக்குப் பொறந்த ஊர் அரியலூர். ஒரு பொங்கலுக்குக் கடைசி நாள்ல போன் பண்ணி, "லீவு இல்லம்மா"ன்னு சொன்னேன். "சரிப்பா, பரவாயில்ல"ன்னாங்க. அப்போ அடுப்புல என்ன இருந்துச்சுன்னு நான் கேட்கவே இல்லை.

பிற்பாடு கேம்ல நாம கவினா மாறுறோம். தமிழ் சரியா வாசிக்க வராம, அதே புத்தகத்தை வெச்சுத் தடுமாறி சமைக்கிறான். அங்கே கேமை நிறுத்திட்டு அம்மாவுக்கு போன் போட்டேன்.

"சின்ன வெங்காயம் உரிச்சிட்டு இருக்கேன், அப்புறம் பேசுறேன்"னு வெச்சுட்டாங்க.