சிகிச்சை முடிந்த பிறகும் வராத தூக்கம்

புற்றுநோய் சிகிச்சை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். பலருக்கு அதன் பிறகும் மாதக்கணக்கில் அசதி விடுவதில்லை. இரவில் தூக்கம் பிடிப்பதில்லை. வீட்டில் இருப்பவர்களோ, "அதான் குணமாயிடுச்சே" என்கிறார்கள். அந்தச் சொல் எவ்வளவு வலிக்கும்!

அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இப்படித் தூக்கமின்றித் தவித்த 410 பேரை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும், வழக்கமான கவனிப்போடு வாரம் 2 முறை, 75 நிமிடம் வீதம், 4 வாரம் யோகா. மூச்சுப் பயிற்சி, மென்மையான ஆசனங்கள், தியானம், அவ்வளவுதான். 2013-இல் முடிவு வெளியானது. யோகா செய்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தூங்கினார்கள். தூக்க மாத்திரை எடுப்பதும் குறைந்தது.

பயிற்சி எப்படி இருக்கும்? மார்பக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை இழுத்தபடி கையை வலிக்காத உயரம் வரை மட்டும் தூக்குவார்; மூச்சை விட்டபடி இறக்குவார். கீமோவால் பாதம் மரத்துப்போனவர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். எலும்பு பலவீனமானவர்கள் முதுகை முறுக்கும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும்.

யோகா செய்கிறோம் என்று மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். முதலில் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். எங்கே அறுவை சிகிச்சை நடந்தது, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதை யோகா ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.