துரியோதனனுக்கு ஒரு ஒப்பாரி



திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் 'பகடை துகில்' கூத்து நடக்கும் இரவை நினைத்துப் பாருங்கள். சேலையைப் பற்றி இழுக்க வேண்டிய இடம் வந்ததும் துச்சாதனன் நின்றுவிடுகிறார். கற்பூரம் ஏற்றுகிறார்கள். கட்டை வேடம் கட்டிய அந்த மனிதர் கிரீடத்தோடு குனிந்து அம்மனைக் கும்பிடுகிறார். பொறுத்துக்கொள் தாயே என்று மனமுருகி வேண்டிய பிறகுதான் சேலையில் கை வைக்கிறார். எதிரே பாஞ்சாலியாக நிற்பவரும் பெரும்பாலும் ஆண்தான். சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து அரிதாரம் பூசிக்கொண்டவர்தான். ஆனாலும் இவருக்குக் கை நடுங்குகிறது. இன்னொருத்தியின் மானம் இவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டது. சில இரவுகளில் ஆவேசம் வந்து, நாலு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

விடிய விடிய நடக்கும் இந்தக் கூத்தை இரண்டு மணி நேரத்தில் முடித்துத் தரும்படி இப்போதெல்லாம் கேட்கிறார்கள். கேட்காதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். ஒரு வேடம் திரைக்குப் பின்னால் நின்று பாடி, மெல்ல முகம் காட்டி, அவைக்கு வரவே நேரம் பிடிக்கும். வீட்டுக் கவலையை இறக்கிவைக்க நமக்கும் அவ்வளவு நேரம் வேண்டாமா?

அதே திருவிழாவில், துரியோதனன் வீழும் நாளான படுகளத்தன்று, அவனை மண்ணால் செய்து, மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். பெரிய உருவம். பீமன் தொடையில் அடிப்பான், பாஞ்சாலி கூந்தலை முடிவாள். பல இரவுகளாக அவளுக்காகக் கொதித்த ஊர் அப்போது ஆர்ப்பரிக்க வேண்டும் அல்லவா? எங்கள் ஊரில் பெண்கள் துரியோதனன் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். பெற்றவள் வயிறு எரியுமே என்று அழுதார்கள்.

பாரதமே பங்காளிச் சண்டைதான். என் ஆயாவுக்கும் பங்காளி வீட்டு ஆயாவுக்கும் வரப்புத் தகராறில் பல வருஷமாகப் பேச்சு இல்லை. நான் சிறுவனாக இருந்தபோது ஒரு படுகளத்தில் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்து அழுததைப் பார்த்தேன். யார் பக்கத்தில் இருக்கிறோம் என்று இருவருமே கவனித்ததாகத் தெரியவில்லை. எல்லாம் முடிந்ததும், அந்த மண்ணை நெல் குதிரில் போட்டுவைத்தால் விளைச்சல் பெருகும் என்று கூட்டம் அள்ள வந்தது. பங்காளி வீட்டு ஆயாவால் குனிய முடியவில்லை. என் ஆயா துரியோதனன் மார்பிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளித் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். இன்னொரு பிடி அள்ளி, ஒரு வார்த்தையும் பேசாமல், அந்த ஆயாவின் கையில் வைத்தார்.